அடையாறு பிறக்குற இடம் ஒரகடம் பக்கம்: ஏரிகள் பெத்த ஆற்றின் கதை

அடையாறு பத்தி ஒரு நீண்ட இழை. டீ போட்டு வச்சுக்கிட்டு உட்காருங்க, கொஞ்சம் நேரம் ஆகும்.

சென்னைக்காரங்ககிட்ட "அடையாறு எங்கேர்ந்து வருது?"ன்னு கேட்டுப் பாருங்க. 2015க்கு அப்புறம் பெரும்பாலானவங்க "செம்பரம்பாக்கம்"னு சொல்வாங்க. அது பாதி விடைதான். செம்பரம்பாக்கத்தோட உபரிநீர் திருநீர்மலைப் பக்கம் வந்துதான் அடையாற்றில் சேருது. அதுக்கு முன்னாடியே ஆறு ஓடிக்கிட்டுதான் இருக்கு.

ஆற்றின் தலை ரெண்டு பக்கம் இருக்கு. ஒண்ணு மணிமங்கலத்துக்கு அருகே மலைப்பட்டு ஏரி. இன்னொண்ணு ஆதனூர் ஏரி. அங்கிருந்து வரதராஜபுரம், முடிச்சூர், மேற்குத் தாம்பரம் ஓரமா வந்து, திருநீர்மலை, அனகாபுத்தூர், பொழிச்சலூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம்னு நகரத்தைச் சுத்திக்கிட்டுக் கடலுக்குப் போகுது. மொத்த நீளம் சுமார் 42 கிலோமீட்டர். அவ்வளவுதான். காவிரி 800 கிலோமீட்டர் ஓடுது.

சுருக்கமாச் சொன்னா, ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்சாலைகளோட கொல்லைப்புறத்துல பிறக்கற ஆறு இது. கம்பெனி பஸ்ல தினமும் படப்பை வழியா ஷிஃப்டுக்குப் போறவங்க, ஒரு பெருநகரத்து ஆற்றின் தலைமாட்டைத் தாண்டித்தான் போறாங்க. போர்டு எதுவும் இருக்காது. அதனால தெரியாது.

இப்ப ஒரு கேள்வி. மலை இல்ல, காடு இல்ல, ஊற்று இல்ல. அப்புறம் ஆறு எப்படி?

விடை: ஏரி. காஞ்சிபுரம் மாவட்டத்தை "ஏரிகள் மாவட்டம்"னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். மார்க்குக்காகப் படிச்சோம், மறந்துட்டோம். அந்த ஒரு வரிக்குள்ளதான் அடையாறு இருக்கு.

ஒரு ஏரின்னா என்னென்ன உறுப்பு இருக்கும்னு பார்த்துடலாம் (டாக்டர் புத்தி, அனாடமி இல்லாம கதை வராது). தண்ணி உள்ளே வர்றது வரத்துக்கால்வாய். நிக்கிற இடம் உள்வாய். தடுத்து நிறுத்துறது கரை. வயலுக்குத் தண்ணி விடுறது மதகு. மதகுத் தண்ணில பாயுற வயல் மொத்தமும் ஆயக்கட்டு. ஏரி நிரம்பினா கரை உடையாம உபரி வழிஞ்சு போறதுக்கு, கரையோட ஒரு மூலையில தாழ்வா கல்லால கட்டி வச்சிருப்பாங்க. அதுதான் கலங்கல். கலங்கல்ல வழியுற தண்ணி போற வழி போக்குக்கால்வாய்.

இதுல அழகு என்னன்னா, மேல் ஏரியோட போக்குக்கால்வாய்தான் கீழ் ஏரியோட வரத்துக்கால்வாய். அவன் மிச்சம் இவன் வரவு. நிலம் மேற்கேர்ந்து கிழக்கே மெல்லச் சரியுது. அந்தச் சரிவுல படிக்கட்டு மாதிரி ஏரி, அதுக்குக் கீழே ஏரின்னு சங்கிலி. எல்லா ஏரியும் நிரம்பி மிஞ்சின கடைசித் தண்ணி சேர்ந்து போற பாதைக்குத்தான் அடையாறுன்னு பேரு.

ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகளோட உபரி செம்பரம்பாக்கத்துக்குப் போகுது. மணிமங்கலம், ஒரத்தூர், ஆதனூர் பக்கத்து ஏரிகளோட உபரி நேரா அடையாற்றுக்குப் போகுது. ரெண்டு கையும் திருநீர்மலைகிட்ட சேருது. இந்தப் படத்தை மனசுல வச்சுக்கோங்க. பின்னாடி 2015 வரும்போது இதுதான் தேவைப்படும்.

சரி, வரலாறு.

மணிமங்கலம் இன்னைக்கு தாம்பரத்துலேர்ந்து ஸ்ரீபெரும்புதூர் போற வழியில ஒரு ஊர். ஏழாம் நூற்றாண்டுல இது இந்தியாவோட ரெண்டு பெரிய வல்லரசுகள் மோதின இடம். வாதாபியில ஆண்ட சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி காஞ்சியை நோக்கிப் படையெடுத்து வந்தான். வடக்கே ஹர்ஷவர்த்தனனையே தடுத்து நிறுத்தினவன். அவனை எதிர்த்து நின்னவன் முதலாம் நரசிம்மவர்மன், நம்ம மாமல்லன். பரியலம், மணிமங்கலம், சூரமாரம்னு மூணு இடத்துல பல்லவர் ஜெயிச்சதா கூரம் செப்பேடு சொல்லுது. அதுக்கப்புறம்தான் பல்லவப் படை வாதாபி வரைக்கும் போய் 642 வாக்கில் அந்த நகரத்தைப் பிடிச்சது.

ஏன் மணிமங்கலம்? செப்பேடு காரணம் சொல்லல. என் ஊகம் இது: யானை, குதிரை, ஆயிரக்கணக்கான ஆளுங்களோட வர்ற படை தண்ணி இருக்கிற இடத்துலதான் தங்க முடியும். ஒரு யானைக்கே நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல குடிக்கத் தண்ணி வேணும். ஆனா அந்த ஊர் ஏரி அப்பவே இருந்துச்சான்னு கேட்டா, அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

சோழர் காலத்துல மணிமங்கலம் பெரிய ஊர். அங்க இருக்கிற ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்ல ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கு. கொப்பம் போர்ல அண்ணன் ராஜாதிராஜன் யானை மேலயே செத்துப் போனதும், தம்பி போர்க்களத்துலயே முடி சூடினதும் சோழ வரலாற்றுல பெரிய காட்சி. அந்தப் போரைப் பத்திப் பேசுற முக்கியமான கல்வெட்டுகள்ல ஒண்ணு இந்த ஊர்லதான் இருக்கு. துங்கபத்ரை கரையில நடந்த சண்டையோட செய்தி, அடையாற்றின் தலைமாட்டுல கல்லுல வெட்டி வச்சிருக்கு. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா நின்னு பாருங்க. பக்கத்துலயே தர்மேஸ்வரர் கோயிலும் இருக்கு.

ஏரியை யார் பார்த்துக்கிட்டாங்க? இதே மாவட்டத்துல உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துல, 919லயும் 921லயும் வெட்டின கல்வெட்டுகள். குடவோலைன்னு தேர்தல் முறைக்காக எல்லாரும் பேசுறோம். ஆனா அந்தக் குடவோலையில எதுக்கு ஆள் தேர்ந்தெடுத்தாங்கன்னு கவனிச்சா, அதுல ஒண்ணு ஏரி வாரியம். ஏரியைப் பராமரிக்க ஊர்ச்சபையில தனிக் குழு. கணக்குக் காட்டாதவன் திரும்ப நிக்கக் கூடாதுன்னு விதியும் உண்டு. சொந்தக்காரனுக்கும் சேர்த்து!

பல நூறு வருஷம் இது நடந்துச்சு. ராஜா மாறினான், பேரரசு மாறிச்சு. சேறு எடுக்கிறதும் கரை கட்டுறதும் ஊரோட வேலையா இருந்துச்சு. ஏன்னா ஏரி கெட்டா சோறு இல்ல. அவ்வளவு நேரடியான கணக்கு.

1763ல ஆற்காடு நவாப் முகமது அலி, சென்னையைச் சுத்தியிருந்த இந்தப் பகுதியை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீரா கொடுத்தார். பின்னாடி இதுதான் செங்கல்பட்டு மாவட்டம் ஆச்சு. 1767லேர்ந்து 1774 வரை தாமஸ் பர்னார்ட்னு ஒரு பொறியாளர் ஊர் ஊராப் போய் கணக்கெடுத்தார். சுமார் ரெண்டாயிரம் கிராமம். எந்த ஊர்ல எத்தனை வீடு, எவ்வளவு நிலம், எத்தனை ஏரி, விளைச்சல்ல யார் யாருக்கு எவ்வளவு பங்கு, எல்லாம் இருக்கு. அதுல ஒரு விஷயம்: நெல்லு களத்துல இருக்கும்போதே, பங்கு பிரிக்கிறதுக்கு முன்னாடி, கோயிலுக்கு, கணக்கருக்கு, தச்சருக்கு, வைத்தியருக்குன்னு எடுத்து வைக்கிற மாதிரி ஏரிக்கும் ஒரு பங்கு எடுத்து வச்சாங்க. ஏரியும் ஊர்ல ஒரு ஆள் மாதிரி.

அதுக்கப்புறம் ஹைதர் அலி படையெடுப்பு. 1780ல இந்தப் பகுதி முழுக்க சூறையாடப்பட்டு, ஊர் ஊரா ஜனம் ஓடிப் போச்சு. 1794ல கலெக்டரா வந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் சரிபண்ண நிறைய முயற்சி எடுத்தார். ஆனா கம்பெனிக்கு வேண்டியது வரி. ஊர்க் களத்துலேர்ந்து ஏரிக்குப் போன பங்கு மெல்ல மெல்ல கஜானாவுக்குப் போச்சு. பராமரிப்பு சர்க்கார் வேலையா மாறிச்சு. சர்க்காருக்கு ஏரி ஆயிரத்துல ஒண்ணு. ஊருக்கு இருந்தது ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கும் நூறு ஏக்கருக்கு மேல ஆயக்கட்டு இருந்தா நீர்வளத் துறை (முன்னாடி பொதுப்பணித் துறை), அதுக்குக் கீழே இருந்தா ஊராட்சி ஒன்றியம்னு பிரிச்சு வச்சிருக்காங்க. தண்ணிக்கு அந்தப் பிரிவு தெரியாது. சின்ன ஏரி உடைஞ்சா பெரிய ஏரிக்குத்தான் போகும்.

இந்த நேரத்துல ஆற்றோட கீழ்ப்பகுதியில என்ன நடந்துச்சுன்னு வேகமாப் பார்த்துடலாம். இது நிறைய பேர் எழுதின கதை.

1726ல கோஜா பெட்ரஸ் உஸ்கான்னு ஒரு அர்மீனிய வணிகர் சைதாப்பேட்டையில அடையாற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டினார். சொந்தப் பணம். பராமரிப்புக்கும் தனியா பணம் எழுதி வச்சுட்டுப் போனார் (இந்த விஷயத்துல அந்த மனுஷனுக்கு ஏரி வாரியத்து மூளை). பரங்கிமலைக்கு ஏறுற படிக்கட்டும் அவர் கட்டினதுதான். மர்மலாங் பாலம்னு சொல்வாங்க, மாம்பலம் வெள்ளைக்காரன் வாயில அப்படி ஆச்சு. 1960கள்ல அதுக்குப் பதிலா புதுப் பாலம் கட்டி மறைமலை அடிகள் பேரை வச்சாங்க.

1746ல அடையாற்று முகத்துவாரத்துகிட்ட ஒரு சண்டை. நவாபின் மகன் மாபூஸ் கான்கிட்ட சுமார் பத்தாயிரம் பேர். எதிர்ல பாரடிஸ்ங்கற அதிகாரி தலைமையில பிரெஞ்சுப் படை, ஐரோப்பியர்களும் இந்தியச் சிப்பாய்களும் சேர்ந்து ஆயிரம் பேர் கூட இல்ல. ஆற்றில் இறங்கி நடந்தே கடந்து வந்து நவாப் படையைத் துரத்திட்டாங்க. பயிற்சி பெற்ற சின்னப் படை பெரிய படையை அடிக்க முடியும்னு ஐரோப்பியர்களுக்குப் புரிஞ்ச நாள் அது. இந்தியாவோட அடுத்த 200 வருஷத்துக்கு அடையாற்றுத் தண்ணியில ஒரு ஒத்திகை நடந்துச்சுன்னு சொல்லலாம்.

1882ல பிரம்மஞான சபை ஆற்றங்கரையில வந்து உட்கார்ந்துச்சு. கரையெல்லாம் தோட்ட பங்களா, படகு கிளப். பக்கத்துல கிண்டியில கிங் இன்ஸ்டிட்யூட். 1899ல அம்மைத் தடுப்பூசிக்கான மருந்து தயாரிக்கத் தொடங்கினது. மாகாணத்தின் சுகாதார ஆணையரா இருந்த டபிள்யூ.ஜி.கிங் பேர்ல வந்தது. எங்க துறைக்குக் கோயில் மாதிரி. இதை மட்டும் தாண்டிப் போக மனசு வரல, அதான்.

இப்ப நடுப்பகுதி. பல்லாவரம், குரோம்பேட்டை, பம்மல், அனகாபுத்தூர்.

குரோம்பேட்டைங்கற பேரு எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? குரோமியம். இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துல சென்னையில ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோமியத்தை வச்சுத் தோல் பதனிடுற முறையை அறிமுகப்படுத்தினார். அதுக்கு முன்னாடி ஆவாரம்பட்டை, கடுக்காய்னு வாரக்கணக்குல ஊறணும். குரோமியத்துல சில நாள்ல முடிஞ்சுடும். 1912ல சேம்பர்ஸ் தொடங்கின குரோம் லெதர் கம்பெனி பல்லாவரத்துகிட்ட வந்துச்சு. கம்பெனி பேரே ஊர் பேராச்சு. அதைச் சுத்தி நாகல்கேணிப் பக்கம் தோல் ஷாப்புகள் பெருகிச்சு. கழிவுநீர் ஏரிக்கும் நிலத்தடிக்கும் ஆற்றுக்கும் போச்சு. 1990கள்ல பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தப்ப, பல கிணறுகள் ஏற்கெனவே குடிக்க லாயக்கில்லாம போயிருந்துச்சு.

குரோமியம் பத்தி ஒரு சின்னக் குறிப்பு, ஏன்னா இங்க குழப்பம் அதிகம். தோல் பதனிடப் பயன்படுறது மூன்று இணைதிறன் குரோமியம். இதோட நச்சுத்தன்மை குறைவு. ஆறு இணைதிறன் குரோமியம்தான் ஆபத்தானது. அந்தத் தூசியையும் ஆவியையும் வருஷக்கணக்குல சுவாசிச்சா நுரையீரல் புற்றுநோய் வரலாம், மூக்கின் நடுச்சுவர்ல ஓட்டை விழும், தோல்ல ஆறாத புண் வரும். சில சூழல்ல மூன்று ஆறா மாறவும் முடியும். அதனால "எங்க தண்ணில குரோமியம் இருக்கு"ன்னு யாராவது சொன்னா, எந்த குரோமியம்னு கேட்கணும். பயப்படவும் காரணம் இருக்கு, அளந்து பார்க்கவும் வழி இருக்கு.

அனகாபுத்தூர் தறிக்காரங்க கதை இதுக்கு நேர் எதிர். அங்க நெய்த மெட்ராஸ் கட்டம் போட்ட துணி கடல் தாண்டி நைஜீரியா வரைக்கும் போச்சு. 1970கள்ல அந்த நாடு இறக்குமதியை நிறுத்தினதும் தறி ஓட்டம் நின்னு போச்சு. இப்ப வாழைநார்ல புடவை நெய்றாங்க. ஒரே ஆற்றங்கரை, ரெண்டு தொழில். ஒண்ணு உலகச் சந்தையால வாழ்ந்து ஆற்றைக் கெடுத்துச்சு, ஒண்ணு அதே சந்தையால செத்துச்சு.

இப்ப தலைமாட்டுக்குத் திரும்பலாம்.

1996ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் அடிக்கல் போட்டுச்சு. 1998ல சாண்ட்ரோ வெளிய வந்துச்சு. 2000ல செயின்ட் கோபைன் கண்ணாடி. 2006ல நோக்கியா, 2014ல மூடிட்டாங்க. 2010ல ஒரகடத்துல ரெனோ நிஸ்ஸான். 2012ல டைம்லர் லாரி. 2013ல ராயல் என்ஃபீல்டு. இதுக்கிடையில நூத்துக்கணக்கான உதிரிபாகக் கம்பெனிகள். சிப்காட் பூங்காக்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால்னு விரிஞ்சுக்கிட்டே போச்சு.

தொழிற்சாலை வந்தது தப்புன்னு எழுத நான் தயாரா இல்ல. இந்த வளாகங்கள்ல சம்பாதிச்சு தங்கச்சியை நர்சிங் படிக்க வச்ச பொண்ணுங்களைப் பார்க்கிறேன். அப்பாவோட டயாலிசிஸ் செலவை ஓவர்டைம்ல கட்டுற பசங்களைப் பார்க்கிறேன். வயல்ல அந்த வருமானம் வந்திருக்காது. அதைச் சொல்லாம ஏரி பத்தி மட்டும் பேசுறது நேர்மையா இருக்காது.

ஆனா தண்ணி விஷயத்துல ரெண்டு நடந்துச்சு.

முதல் விஷயம், ஆயக்கட்டு போச்சு. வயல் பிளாட்டா, குடோனா, ஹாஸ்டலா மாறிச்சு. மதகைத் திறக்கச் சொல்லி கேட்க ஆள் இல்ல. ஏரியில தண்ணி குறைஞ்சா வயிறு எரியுற ஆள் இல்ல. வரத்துக்கால்வாய்ல மண்ணைக் கொட்டினா சண்டைக்கு வர ஆள் இல்ல. ஆக்கிரமிப்பு பத்தி எல்லாரும் பேசுறோம். என் பார்வையில ஆக்கிரமிப்பு அறிகுறி. ஏரியோட ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் கணக்குக் கேட்க ஊர் இல்லாம போனதுதான் நோய்.

ரெண்டாவது, கூரையும் கான்கிரீட்டும். ஒரு கணக்கு போடலாம். ஒரு ஏக்கர்ல 1 செ.மீ. மழை பெஞ்சா சுமார் 40,000 லிட்டர் தண்ணி. நாலு தண்ணி லாரி மாதிரி வச்சுக்கோங்க. காஞ்ச வயலா இருந்தா முதல் மழையில பெரும்பகுதியை மண்ணு குடிச்சுடும். வரப்பு மிச்சத்தைத் தேக்கும். தகரக் கூரையும் சிமென்ட் தரையுமா இருந்தா அநேகமா முழுசும் உடனே ஓடும். மழைநீர் சேமிப்பு வச்சிருக்கற வளாகம் இருக்கு, நியாயமாச் சொல்லணும். ஆனா அது சாதாரண மழைக்கு. 49 செ.மீ. ஒரே நாள்ல கொட்டினா?

அந்த எண் கற்பனை இல்ல. 2015 டிசம்பர் 2 காலை வரைக்குமான 24 மணி நேரத்துல தாம்பரத்துல பதிவானது 49 செ.மீ. செம்பரம்பாக்கத்துல 47. ஒரு ஏக்கருக்கு சுமார் 20 லட்சம் லிட்டர். ஆயிரம் ஏக்கருக்கு 200 கோடி லிட்டர்.

நவம்பர் முழுக்கப் பெஞ்சு ஏரிகள் ஏற்கெனவே விளிம்புல இருந்துச்சு. மண்ணும் ஊறிப் போய் இருந்துச்சு. இந்த நிலையில வயலா இருந்தாலும் ஓடத்தான் செஞ்சிருக்கும், இதையும் ஒத்துக்கணும். செம்பரம்பாக்கத்தோட கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, உயரம் 24 அடி. 5 கண் மதகு, 19 கண் மதகுன்னு அன்னைக்கு டிவியில கேட்டுக் கேட்டு நமக்கே மனப்பாடம் ஆச்சு. உச்சத்துல விநாடிக்கு 29,000 கன அடி திறந்தாங்க. அதாவது விநாடிக்கு எட்டு லட்சம் லிட்டர்.

இதை ஏன் முன்னாடியே படிப்படியா திறக்கலன்னு பெரிய சண்டை. இந்தியத் தணிக்கைத் துறை தலைவரின் அறிக்கை 2018ல சட்டமன்றத்துல வைக்கப்பட்டப்ப, இதை மனிதர்கள் உண்டாக்கின பேரிடர்னே சொல்லிச்சு. அந்தக் கேள்வி நியாயமானது.

ஆனா நான் மேல சொன்ன படத்தை நினைச்சுப் பாருங்க. ரெண்டு கை. அன்னைக்கு ராத்திரி சைதாப்பேட்டையில ஓடின வெள்ளம் 29,000 கன அடியைவிட ரொம்ப அதிகம். மிச்சம் எங்கேர்ந்து வந்துச்சு? மணிமங்கலம், ஒரத்தூர், ஆதனூர், படப்பைப் பக்கத்து ஏரிகள்லேர்ந்து, தாம்பரத்துலேர்ந்து, வழியில இருந்த ஒவ்வொரு தெருவுலேர்ந்தும். அங்க திறக்கவோ மூடவோ ஷட்டர் இல்ல. கலங்கல்ல வழிஞ்சது வழிஞ்சதுதான். முடிச்சூர், வரதராஜபுரத்துல வீடுகள் முங்கினது செம்பரம்பாக்கத்துத் தண்ணியில கிடையாது. அந்தத் தண்ணி சேர்ற இடமே இன்னும் கீழே. இதைப் பத்தி டிவியில விவாதம் பார்த்ததா ஞாபகம் இல்ல. ஒரு அதிகாரியையோ ஒரு மதகையோ குறை சொல்ல முடிஞ்சா கதை எளிது.

அந்த வெள்ளத்துல செத்தவங்க எல்லாம் தண்ணியில மூழ்கிச் செத்தவங்க இல்ல. ஆற்றங்கரையில இருந்த ஒரு பெரிய மருத்துவமனையில மின்சாரம் போச்சு. வென்டிலேட்டர்ல இருந்தவங்க உட்பட 18 நோயாளிகள் இறந்ததா அப்ப செய்தி வந்துச்சு. கணக்குல வராதவங்க இன்னும் உண்டு. வாரத்துக்கு மூணு டயாலிசிஸ் பண்றவங்களுக்கு ரெண்டு தவறினாலே பொட்டாசியம் ஏறி இதயம் நின்னுடலாம். இன்சுலின் வச்சிருந்த ஃபிரிட்ஜ் மிதந்து போச்சு. மாத்திரை டப்பா நனைஞ்சு கூழாச்சு. மாத்திரை பேரு தெரியாது, "வெள்ளையா வட்டமா இருக்கும் டாக்டர்".

வெள்ளம் வடிஞ்ச பத்து நாள்ல இன்னொரு அலை வரும். லெப்டோஸ்பைரோசிஸ், எலிக்காய்ச்சல். எலி சிறுநீர் கலந்த தண்ணியில வெறுங்காலோட நடந்தா, காலில் இருக்கிற சின்னக் கீறல் வழியா கிருமி உள்ளே போகும். பெரும்பாலும் 5லேர்ந்து 14 நாள் கழிச்சு காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. சிலருக்கு மஞ்சள் காமாலை, கிட்னி செயலிழப்பு. வெள்ளத்துல நடந்தவங்க காய்ச்சல்னு வந்தா, "தண்ணில நடந்தேன்"னு டாக்டர்கிட்ட முதல் வாக்கியமா சொல்லுங்க. அந்த ஒரு வரி ரெண்டு நாளை மிச்சப்படுத்தும். தடுப்புக்கு டாக்சிசைக்ளின் இருக்கு. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தாங்களா வாங்கிச் சாப்பிடக் கூடாது, மத்தவங்களும் கேட்டுட்டுதான்.

இன்னொண்ணு. "அடையாற்றுக் கொசுவாலதான் டெங்கு"ன்னு அடிக்கடி கேட்கிறேன். தப்பு. சாக்கடைத் தண்ணியில வளர்றது பெரும்பாலும் க்யூலெக்ஸ். ராத்திரி கடிக்கும், யானைக்கால் நோய்க் கிருமியைப் பரப்புறது அது. டெங்கு பரப்புற ஏடிஸ் உங்க வீட்டு டிரம்முலயும் பூந்தொட்டித் தட்டுலயும் வளருது. நகர மலேரியாவைப் பரப்புற அனாஃபிலஸ் மொட்டைமாடித் தொட்டியில. தண்ணி தட்டுப்பாடு வந்து டிரம்முல பிடிச்சு வைக்கும்போது டெங்கு கூடுறதுக்கு இதுதான் காரணம். ஏரி வத்தினாலும் எங்களுக்கு நோயாளி வருவாங்க, வழிஞ்சாலும் வருவாங்க.

2015க்கு அப்புறம் என்ன நடந்துச்சு? வேலை நடக்கவே இல்லன்னு சொல்ல முடியாது. ஆற்றை அகலப்படுத்தினாங்க, தூர் வாரினாங்க. வரதராஜபுரம் பக்கம் மூடின வடிகால்கள் போட்டாங்க. ஒரத்தூர்ல நீர்த்தேக்க வேலை தொடங்கினாங்க. சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஏற்கெனவே முகத்துவாரத்துல குப்பைமேடா கிடந்த 58 ஏக்கரை தொல்காப்பியப் பூங்காவா மாத்திக் காட்டியிருந்துச்சு. பறவைகள் திரும்பி வந்துச்சு. நல்ல வேலை.

ஆனா கரையோரக் குடிசைகளைக் காலி பண்ணின வேகம் வேற எதுலயும் இல்ல. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் கரையில தலைமுறையா இருந்தவங்களை பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பினாங்க. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தோட ஓரம். வெள்ளத்துலேர்ந்து காப்பாத்தறோம்னு சொல்லி இன்னொரு தண்ணிக்காட்டு ஓரம் கொண்டுபோய் விட்டாச்சு. வேலை பார்த்த வீடுகள் 20 கிலோமீட்டர் தள்ளிப் போச்சு. பசங்க பள்ளிக்கூடம் மாறிச்சு. அதே ஆற்றுக்குக் குறுக்கே தூண் நட்டு விமான நிலையத்தோட ரெண்டாவது ஓடுபாதையை நீட்டினதுக்கு எல்லா அனுமதியும் இருந்துச்சு. அந்த ஓடுபாதையும் 2015ல முங்கி விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்துச்சு. ஆற்றுல கால் வச்சது ரெண்டு பேரும்தான். வீட்டைவிட்டுப் போனது ஒருத்தர்.

கால் வீங்கின நோயாளி வந்தா காலுக்கு மட்டும் மருந்து தடவ மாட்டோம். இதயம், கிட்னி, ஈரல் எல்லாம் பார்ப்போம். அடையாற்றுக்கு இன்னும் காலுக்குத்தான் பெரும்பாலான வைத்தியம் நடக்குது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப முடிச்சூரும் வரதராஜபுரமும் மறுபடி தண்ணியில நின்னுச்சு.

அதனால ஸ்ரீபெரும்புதூர், படப்பை, ஒரகடம், மணிமங்கலம் பக்கம் பிளாட் வாங்கப் போற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில சர்வே எண் போட்டா அ-பதிவேட்டு விவரமும் புலப்படமும் பார்க்கலாம். உங்க மனை மட்டும் போதாது, சுத்தியிருக்கற நாலு சர்வே எண்ணையும் போட்டுப் பாருங்க. ஏரி உள்வாய், வாய்க்கால் புறம்போக்கு, ஓடைன்னு எங்கயாவது இருக்கா? இருந்தா அந்தக் கால்வாய் எங்கேர்ந்து வந்து எங்க போகுதுன்னு படத்துல விரலை வச்சுத் தேடுங்க. படத்துல கால்வாய் இருந்து தரையில இல்லன்னா, அந்தத் தண்ணி உங்க வீட்டு வழியாதான் போகும். அப்ரூவல் இருக்குன்னு புரோக்கர் சொல்றது வேற விஷயம்.

கம்பெனிகள்ல பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பிரிவுல வேலை பார்க்கிறவங்க இதைப் படிச்சா: உங்க வளாகத்து மழைநீர் வடிகால் எந்த ஏரிக்குப் போகுது, அந்த ஏரியோட கலங்கல் எந்த நிலைமையில இருக்குன்னு அக்டோபருக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல போய்ப் பாருங்க. ஏரியில மரம் நடுற சிஎஸ்ஆர் போட்டோ நிறைய பார்த்தாச்சு. கலங்கலுக்குப் பின்னாடி இருக்கிற கால்வாய்ல நின்னு எடுத்த போட்டோ ஒண்ணு கூட இன்னும் என் கண்ணுல படல.

இந்தப் பக்கத்து ஊர்கள்ல எழுபது வயசு தாண்டினவங்க வீட்ல இருந்தா ஒண்ணு மட்டும் கேளுங்க: "நம்ம ஏரி நிரம்பினா தண்ணி எந்தப் பக்கமா, எந்த ஊருக்குப் போகும்?" அவங்க சொல்ற பதிலை ஊர் பேரோட கீழே எழுதுங்க. நான் ஒரு வரைபடத்துல குறிச்சுக்கிட்டு வர்றேன்.